பாட்டு தொலையவில்லை, பெயர்தான் தொலைந்தது

கூடத்து அலமாரியில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி. நாஸ் என்று எல்லாரும் அழைக்கும் வலையமைப்புச் சேமிப்பகம். ஒலிநாடாக்களிலிருந்தும் குறுந்தகடுகளிலிருந்தும் பல ஆண்டுகளாக மாற்றிச் சேர்த்த பாடல்கள் அதனுள் இருக்கின்றன. கணினியில் திறந்து பார்த்தால் ‘கோபாலகிருஷ்ண பாரதியார்’ என்ற கோப்புறை கண்ணெதிரே நிற்கிறது. அதே கோப்புறையிலுள்ள பாடல்களைக் கோத்துச் செய்த பட்டியலைக் கூடத்து ஒலிபெருக்கியில் இயக்கினால், கோப்பு கிடைக்கவில்லை என்ற பதில் வருகிறது. ரவுட்டர் அணைத்துப் போடப்படுகிறது. பெட்டியும் அணைத்துப் போடப்படுகிறது. கடைக்காரரின் ஆலோசனைப்படி விலை கூடிய ரவுட்டர் ஒன்றும் வீட்டுக்கு வருகிறது. நந்தனார் சரித்திரம் மட்டும் வருவதாக இல்லை.

இந்திய வீடுகளில் இத்தகைய கோளாறுகளுக்குச் சொல்லப்படும் தீர்வுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைந்தவை: மறுதொடக்கம், புதிய கம்பி, புதிய ரவுட்டர், மென்பொருள் புதுப்பிப்பு. அவை பயனற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆங்கிலப் பெயர் கொண்ட, ஆங்கில முறையில் வகைப்படுத்தப்பட்ட பாடல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரிசை அது. இந்திய மொழிப் பாடல் தொகுப்புகளில் ஒலி பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. பழுதாவது பெயர். அதனால் கோளாறு நீக்கும் வேலை பெருமளவுக்கு மொழி சார்ந்த வேலையாகிறது. இதை வன்பொருள் கடையில் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

முதலில் வேகத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில் இது மேலும் குறையும். எம்பி3 வடிவத்தின் உச்ச அளவே 320 கிலோபிட்தான். 2003இல் வந்த வைஃபை தரமே பெயரளவில் 54 மெகாபிட் கொண்டது. நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தாலும் பாட்டுக்கு அது தாராளம். இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் அலைக்கற்றை தேய்ந்துபோய்ப் பாட்டு விட்டுவிட்டு ஒலிப்பது வேறு நோய். அது காதுக்கே தெரியும். ஒரு பாட்டு ஒலிக்க, பக்கத்துப் பாட்டு ஒலிக்காமல் இருந்தால், அங்கே வேகத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

வலையமைப்பு உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு. டிஎல்என்ஏ முறையில் இயங்கும் ஒலிபெருக்கி, வீட்டில் இசை வழங்கும் பெட்டி ஏதும் உண்டா என்று எல்லாரையும் நோக்கிக் குரல் கொடுத்துத்தான் நாஸைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் குரல் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900ஆம் வாயிலுக்குச் செல்கிறது. இயல்பான அமைப்பில் அது ரவுட்டரைத் தாண்டி அடுத்த வலையமைப்புக்குள் போவதில்லை. இந்திய நகர வீடுகளில் இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் குடும்பத்தார் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். நாஸ் முதலாவதில், ஒலிபெருக்கி இரண்டாவதில். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் வெவ்வேறு தெருக்களில் குடியிருப்பவைபோல் ஆகிவிடுகின்றன. இரண்டாவது பெட்டியை ரவுட்டராக அன்றி வெறும் அணுகுமுனையாக மாற்றிவிட்டால் போதும். விருந்தினருக்கான வைஃபையில் ஒலிபெருக்கியை இணைத்துவைத்தால் நேர்வதும் இதேதான். மின்வெட்டுக்குப் பின் நாஸின் முகவரி மாறிப்போவது, உறங்கிக்கிடந்த வன்தட்டு சுழன்றெழுவதற்குள் ஒலிபெருக்கி பொறுமையிழந்து கைவிடுவது, 2017இல் வான்னாக்ரை தாக்குதலுக்குப் பின் பழைய எஸ்எம்பி-1 நெறிமுறை பரவலாக முடக்கப்பட்டதால் அதை மட்டுமே அறிந்த பழைய இசைக்கருவிகள் வாயடைத்துப்போனது ஆகியவையும் இந்த வகையே. இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கோளாறு வந்தால் எல்லாப் பாட்டுக்கும் வரும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: எல்லாப் பாட்டும் ஒலிக்கவில்லையா, சில பாட்டு மட்டுமா? சில மட்டும் என்றால், ஒலிக்காத கோப்பின் நகலொன்றை எடுத்து ‘சோதனை’ என்பதை ஆங்கில எழுத்தில் பெயராக இட்டு, அதே கோப்புறைக்கு வெளியே வைத்து இயக்கிப் பார்க்கலாம். ஒலித்துவிட்டால் பாட்டில் குறையில்லை. ஒலிபெருக்கி அந்த வடிவத்தை அறியாததாலோ கோப்பு சிதைந்ததாலோ வந்த பழுது என்ற ஐயமும் நீங்கிவிடும். எஞ்சியிருப்பது பெயர்.

‘கோ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னே வரும் இரட்டைச் சுழிக் கொம்பு, பின்னே வரும் கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மொழிக்கும் இரண்டும் ஒன்றே; ஒருங்குறித் தரமும் இரண்டையும் சமம் என்றே அறிவித்திருக்கிறது. ஆனால் ஆப்பிள் கணினிகளில் 2017 வரை வழக்கிலிருந்த கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் பதிந்துவைக்கும். விண்டோஸிலோ கைபேசியிலோ தட்டச்சு செய்தால் பொதுவாகச் சேர்ந்த வடிவம் வருகிறது. நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. அவற்றின் கோப்பு முறைமைக்குப் பெயர் என்பது எழுத்து அன்று, வெறும் பைட்டுகளின் வரிசை. பழைய மாக்கிலிருந்து நகலெடுத்த கோப்புறையில் இருப்பது பிரிந்த ‘கோ’. விண்டோஸில் உருவாக்கிய பட்டியலில் இருப்பது சேர்ந்த ‘கோ’. பட்டியல் கேட்கும் கோபாலகிருஷ்ணர் வேறு, பெட்டிக்குள் இருக்கும் கோபாலகிருஷ்ணர் வேறு. புதிய ரவுட்டர் இவர்களை அறிமுகப்படுத்தி வைக்காது.

ஒகரமும் ஔகாரமும் இதே விதிக்கு ஆட்பட்டவை. மலையாளத்திலும் வங்காளத்திலும் கன்னடத்திலும் இப்படிப் பகுதிகளாகப் பிரியும் உயிர்க்குறிகள் உண்டு. அங்கும் இதே கதை. ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை என்பதால்தான் கோளாறு நீக்கும் கையேடுகளில் இதற்கு இடமில்லை. உம்லாவுட் புள்ளிகளால் அவதிப்படும் ஜெர்மானியர்கள் ஓரளவு அறிவார்கள். தீர்வு கடினமானதன்று. பெயர்களை ஒரே இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கான்வ்எம்வி என்ற நிரல் ஓர் ஆணையில் முழுக் கோப்புறையையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதலில் என்னென்ன மாறும் என்று காட்டிவிட்டுப் பிறகே மாற்றும் நல்ல பழக்கமும் அதற்கு உண்டு. பட்டியல் கோப்பை எம்3யு என்று வைக்காமல் எம்3யு8 என்று, யூடிஎஃப்-8 முறையில் சேமிப்பதும் இதனுடன் சேர்த்துச் செய்ய வேண்டியது.

இயல்பாக்கத்தாலும் தீராத இரட்டைகள் உண்டு. இசை அறிந்தவர்களுக்கு அவை நன்கு பழக்கப்பட்ட பெயர்களிலேயே ஒளிந்திருக்கின்றன. ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தை ஸகர மெய்யைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகர மெய்யைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒருங்குறியோ இவற்றைச் சமம் என்று கருதுவதில்லை. ஸ்ரீரஞ்சனி ராகத்தைத் தேடினால் பாதிப் பாடல்கள் மட்டும் கிடைப்பதன் காரணம் இது. கௌளை ராகத்தின் நிலை இன்னும் மோசம். ஔகாரக் குறிக்கு மாறாக, எகரக் கொம்பு போட்டு ளகரத்தைப் பக்கத்தில் நிறுத்திவிடுவது தட்டச்சில் மிகப் பரவலான பழக்கம். அச்சில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது கெ, ள, ளை என்ற மூன்று எழுத்து. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு 2008இல்தான் தனிக் குறியீடுகள் வந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட பெயர்களும் பின் எழுதப்பட்ட பெயர்களும் இன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதில்லை. இங்கே எந்த நிரலும் தானாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மொழி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோப்பின் பெயரைக் கடந்து உள்ளே போனால் டேக் என்னும் பெயர்ச்சீட்டு இருக்கிறது. எம்பி3 கோப்புகளுக்கு 1996இல் உருவான முதல் பெயர்ச்சீட்டு மொத்தம் 128 பைட் நீளம். பாட்டின் பெயருக்கு அதில் 30 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆக, பத்துக் குறியீடுகள். கௌரிமனோகரி சரியாகப் பத்தில் அடங்கிவிடுகிறது. சங்கராபரணத்துக்குப் பதினொன்று வேண்டும். இறுதிப் புள்ளி உதிர்ந்து ‘சங்கராபரணம’ என்று முடிகிறது. இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் ஒரே கோப்பில் பழைய சீட்டும் புதிய சீட்டும் சேர்ந்திருக்க, கணினி புதியதையும் மலிவான ஒலிபெருக்கி பழையதையும் படிப்பது உண்டு. திருத்தியபின்னும் பெயர் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் பழைய சீட்டை முழுவதும் நீக்கிவிட்டு, நாஸின் ஊடகச் சேவையை மறுபடி அட்டவணையிடச் செய்தால் பெரும்பாலும் குழப்பம் தீரும். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் தகுதரத்திலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலும் எழுதப்பட்ட பெயர்கள் இன்று பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரிவதும் உண்டு. அவை அழிந்துபோனவை அல்ல. எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்தால் எழுத்துமாற்றி கொண்டு மீட்கக்கூடியவை. அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது.

எழுத்தைச் சரிசெய்தபின் எழுவதுதான் ஆழமான கேள்வி. பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்? பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளுக்குத் தெரிந்த உலகம் கலைஞர், ஆல்பம், தடம் என்ற மூன்றடுக்கு. ஒரு கலைஞர் ஓர் ஆல்பம் வெளியிடுகிறார், அதில் பத்துத் தடங்கள் இருக்கின்றன. மேற்கத்திய ராக் இசைக்கு இது பொருந்தும். இந்தியத் திரைப்படப் பாடல்களுக்கோ ஆல்பம் என்பது படம்; இசையமைப்பாளர் ஒருவர், பாடகர்கள் ஐவர், பாடலாசிரியர் இருவர். பாடகரைக் கலைஞராகப் பதிந்தால் ஐந்து பாட்டுக் கொண்ட படம் ஐந்து ஆல்பமாகச் சிதறிவிடுகிறது. ஆல்பம் கலைஞர் என்று ஒரு தனிப் புலம் உண்டு. அதில் இசையமைப்பாளரின் பெயரை ஒரே சீராக எழுதினால் படம் மறுபடி ஒன்றுசேரும். நாஸில் பாட்டுக் காணவில்லை என்ற புலம்பல்களில் கணிசமானவை இந்த ஒரு புலம் காலியாக இருப்பதால் வருபவை.

ஒரே சீராக என்பதில்தான் சங்கடம். இளையராஜா என்ற பெயரைத் தமிழில் எழுத ஒரு வழிதான். ரோமன் எழுத்தில் எல் ஒன்றா இரண்டா, ஏ ஒன்றா இரண்டா என்று ஆளுக்கொரு கொள்கை. தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விட்ட எஸ். பி. பாலசுப்ரமணியமும் விடாத எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பட்டியலில் இருவராக நிற்பார்கள். தியாகராஜர், த்யாகராஜர், தியாகராஜ சுவாமிகள் மூவரும் அவ்வாறே.

செவ்வியல் இசைக்கு இது போதாது. கச்சேரியைக் கேட்பவர் பாடகரைத் தேடுவார், அல்லது இயற்றியவரைத் தேடுவார். பெரும்பாலும் ராகத்தைத் தேடுவார். எம்பி3 பெயர்ச்சீட்டின் வழக்கமான புலங்களில் ராகம் இல்லை. ஆகவே தலைப்பிலும் இசைவகையிலும் குறிப்பிலும் ராகப் பெயர் கண்ட இடத்தில் திணிக்கப்படுகிறது. ஃப்ளாக் கோப்புகளின் குறிப்புமுறை இவ்வகையில் தாராளமானது: மதிப்புகள் யூடிஎஃப்-8 என்பது விதி, புலத்தின் பெயரோ நம் விருப்பம். ராகம் என்று ஒரு புலம் உருவாக்கினால் கோப்பு மறுப்பதில்லை. ஆனால் நாஸின் மென்பொருள் அதைக் காட்டுவதில்லை. வடிவம் இடம் கொடுத்தும் இயக்கும் செயலி கதவைச் சாத்திவிடுகிறது என்பதே குறை. திறந்த தரவுத்தளமான மியூசிக்பிரெய்ன்ஸில் ராகத்துக்கும் தாளத்துக்கும் முறையான இடம் உண்டு. கர்நாடக, இந்துஸ்தானி இசைத் தரவுகளை அங்கே சேர்ப்பதில் பெரும்பங்கு ஆற்றியது பார்சிலோனாவிலிருந்து நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று செய்திருக்க வேண்டிய வேலை என்ற ஆதங்கத்தைத் தவிர்க்க முடியவில்லை. செய்தவர்களுக்கு நன்றி சொல்வதிலும் தடையில்லை.

வரிசைப்படுத்தலையும் ஒரு சொல் சொல்லிவிடலாம். அகராதி வரிசையில் காபி, காம்போஜி, கானடா. பல பெட்டிகளின் வரிசையில் கானடா, காபி, காம்போஜி. றன்னகரத்தைப் பகரத்துக்கு முன் வைத்த குறியீட்டு எண்களை அப்படியே பின்பற்றுவதன் விளைவு. பாட்டு ஒலிப்பதை இது தடுக்காது. தொலைக்காட்சித் திரையில் நூறு ராகப் பெயர்களை ரிமோட்டால் உருட்டித் தேடும் எழுபது வயதுக்காரர், இருக்கும் இடத்தில் இல்லையென்று முடிவுசெய்து திரும்பிவிடுவார்.

இத்தனை தொல்லைக்குப் பின் எழும் முடிவு பலருக்கு ஒன்றுதான்: எல்லாப் பெயர்களையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம். பாதி மட்டுமே ஏற்கத்தக்க முடிவு இது. கோப்பின் பெயர் ஒரு முகவரி, கதவிலக்கம் போன்றது. அது சுருக்கமாக, எந்தப் பொறியும் தடுக்கி விழாத ரோமன் எழுத்தில் இருப்பதால் மொழிக்கு இழிவு ஏதுமில்லை. பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற லினக்ஸ் வரம்பு தமிழுக்கு 85 குறியீடுகளாகச் சுருங்குகிறது. மறையாக்கம் செய்த கோப்புறைகள் சிலவற்றில் வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடுகள். பல்லவியின் முதலடி, ராகம், தாளம், பாடியவர், ஆண்டு என்று முழு விவரத்தையும் தமிழில் கோப்புப் பெயராக்குபவர்கள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். ஆனால் பெயர்ச்சீட்டு முகவரி அன்று. கேட்பவர் கண்ணில் படுவது அது. அதில் பாட்டின் மொழியே இருக்க வேண்டும், எழுத்துப் பிழையின்றி. ழகரமும் ளகரமும் லகரமும் ரோமனில் ஒன்றாகிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. தமிழிலிருந்து ரோமனுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். முகவரியில்கூட ஆங்கிலம் எதற்கு என்று கேட்கும் தமிழன்பர்களின் சினம் புரிந்துகொள்ளத்தக்கது. அந்தச் சினம் சரியாகச் சேர வேண்டிய இடம் நாஸ் தயாரிப்பாளர்கள். இயல்பாக்கிய பின் ஒப்பிடுவது, அந்தந்த மொழியின் அகரவரிசையைப் பின்பற்றுவது, தமிழில் இருப்பதை ரோமனில் தேடினாலும் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றுக்கும் வேண்டிய நூலகங்கள் திறந்த மூல உலகில் உள்ளன. இந்தியச் சந்தையில் பெட்டி விற்பவர்கள் இவற்றைச் சேர்க்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, மாதச் சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் வருமே என்பது நியாயமான கேள்வி. சந்தாச் சேவையில் இருக்கும் பாட்டுக்கு அது சரியான பதிலும்கூட. உரிமம் காலாவதியானால் அங்கிருந்தும் பாட்டு மறையும் என்பது ஒருபுறமிருக்க, ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த நாதசுரக் கச்சேரி, வானொலியில் ஒலித்ததை ஒலிப்பதிவுப் பெட்டியை அருகில் வைத்துப் பிடித்த பாட்டு, வீட்டுக் கொலுவில் பாட்டி பாடியது ஆகியவை எந்தச் சேவையிலும் இல்லை. அவை ஒரு வீட்டின் ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கின்றன. ‘டிராக் 07’ என்ற பெயரில் அவை கிடக்கும்வரை, பாடியவர் யார், ராகம் என்ன, எந்த ஆண்டு என்பது வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. வன்தட்டுக்கு மாற்று வாங்கலாம். இரண்டு தட்டுகளில் ஒரே தரவு என்பது காப்புநகல் ஆகாது என்பதால் மூன்றாவதாக ஒரு நகலை வேறு வீட்டிலும் வைக்கலாம். அந்த நினைவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ரவுட்டருக்குச் செலவழிக்கும் ஞாயிற்றுக்கிழமையை அவருடன் உட்கார்ந்து பெயர்ச்சீட்டு எழுதச் செலவழிப்பது உசிதம்.

ஒலிநாடா உறையின் அட்டை தொலையாமல் இருந்தால் அதையும் கைபேசியில் படமெடுத்து, ஃபோல்டர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயராக இட்டு, ஜேபெக் வடிவில் பாடல்கள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துவிடலாம். பெரும்பாலான ஊடகச் சேவைகள் அதை ஆல்பத்தின் முகப்புப் படமாக எடுத்துக்கொள்ளும். பாட்டு ஒலிக்கும் நேரம் முழுவதும் தொலைக்காட்சித் திரையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய அந்தக் கையெழுத்து தெரியும்.